மிளகாய்த் தோட்டத்து வணிகர் எட்மண்டு மாக்கில்ஹென்னியார்

உலகத்தில் பெரும்புகழ் எய்தினோருள், எக்காரியத்தால் தம் பெயர் நிலைபெறும் என்பதைத் தம் வாழ்நாளிலேயே அறிந்தவர் சிலர். அறியாமலே மறைந்தவர் பலர். இரண்டாம் வகையைச் சேர்ந்தவர், அமெரிக்க ஐக்கிய நாட்டில் லூசியானா மாகாணத்திலே வாழ்ந்த எட்மண்டு மாக்கில்ஹென்னி என்னும் வணிகர். டபாஸ்கோ என்னும் பெயரால் உலகெங்கும் விற்பனையாகும் மிளகாய்ச் சாற்றை முதன்முதல் புட்டியில் அடைத்து விலைக்கு விடுத்தவர் இவரே. நம் சங்கத்துக் குடும்பங்களுட் பல, நிலத்தையும் கடையையும் நம்பி வளர்ந்தவை. தந்தை தொடங்கிய தொழிலை மைந்தர் காத்தலும், காவாது விடுத்தலும் நாம் நாடோறும் காண்பன. ஆதலின் இவர் சரித்திரத்தை நம் அன்பர்கள் முன் வைப்பது பயனுடைத்து என்று யாம் கருதினோம்.

மிளகாய் என்பது நம் நாட்டுக்கு ஆதியில் உரிய பொருளன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அது, போர்த்துகீசியர் வாயிலாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியா வந்து சேர்ந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்திற்கு மிளகையே கொண்டனர். மிளகுபோல் உறைக்கும் காய் ஆதலின் மிளகாய் ஆயிற்று. வந்தேறிய அப்பொருள் இன்று நம் அடுக்களையில் முதலிடம் பெற்றிருத்தலை நோக்கின், அது பிறந்த கண்டத்தில் ஒரு குடும்பம் அதனைக் கொண்டு வாழ்ந்த வரலாறு நமக்கு அயலானதன்று.

பிறப்பும் உத்தியோகமும்

மாக்கில்ஹென்னியார் 1815-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் மேரிலாந்து மாகாணத்தில் ஹேகர்ஸ்டவுன் என்னும் ஊரில் பிறந்தார். அவருடைய முன்னோர் ஸ்காட்டிய ஐரிஷ் மரபினர். இருபத்தைந்து வயதளவில் பொருளீட்டும் பொருட்டுத் தென்னாடு சென்று நியூ ஆர்லியன்ஸ் நகரில் குடியேறினார். பருத்தியும் சர்க்கரையும் மிஸிஸிப்பி நதி வழியே வந்து குவிந்து, கப்பலேறிச் சென்ற காலம் அது. லூசியானா பாங்கியில் கணக்கராய் அமர்ந்த அவர், கணக்கில் பிழையாமையாலும் விடாமுயற்சியாலும் படிப்படியாக உயர்ந்து, பின்னர்த் தாமே தனிப்பட்ட பாங்கியராய் விளங்கினார்.

1859-ஆம் ஆண்டில், தமது நாற்பத்து மூன்றாம் வயதில், மேரி எலைஸா ஏவரி என்னும் மாதை மணந்தார். அம்மாதின் தந்தை டேனியல் டட்லி ஏவரி என்பார் நியாயவாதியும், கரும்புத் தோட்ட உரிமையாளருமாவர். அவர் குடும்பத்துக்குரிய நிலம், நியூ ஆர்லியன்ஸுக்கு மேற்கே சுமார் 140 மைல் தொலைவில், அந்நாளில் பெட்டீட் ஆன்ஸ் தீவு என்றும் பிற்காலத்தில் ஏவரித் தீவு என்றும் வழங்கிய மேட்டு நிலமாகும். தீவு என்பது பெயரளவே. நாற்புறமும் சதுப்பும் ஓடையும் சூழ, நடுவே 150 அடிக்குமேல் உயர்ந்து நிற்கும் திடர் அது. அதன் அடியில் இருப்பது கல்லுப்பு மலை. மேற்புறத்து மண் வளமானது.

இவ்விடத்து ஓர் உண்மையை மறையாது கூறுதல் கடனாகும். அத்தீவின் கரும்புத் தோட்டம் ஆப்பிரிக்க மரபினரான அடிமைகளின் உழைப்பால் நடந்தது. ஏவரிக் குடும்பத்தின் செல்வத்துக்கு அடிப்படை அவ்வடிமைகளின் வியர்வையே. பெரியோர் சரித்திரம் எழுதுவோர் அவர்தம் செல்வம் வந்த வழியையும் எழுதுதல் வேண்டும்.

யுத்தமும் வீழ்ச்சியும்

1861-இல் அந்நாட்டின் வடபாலாருக்கும் தென்பாலாருக்கும் யுத்தம் மூண்டது. 1862-இல் நியூ ஆர்லியன்ஸ் வடவர் வசமாயிற்று. மாக்கில்ஹென்னியார் மனைவியின் குடும்பத்தோடு தீவில் அடைக்கலம் புகுந்தார். அவ்வாண்டிலேயே அங்கே கல்லுப்புப் படிவம் வெளிப்பட்டது. இறைச்சியைக் கெடாது காக்க உப்பின்றித் தவித்த தென்னாட்டுப் படைக்கு அது பெரும் புதையலாயிற்று. ஆயின் அப்புதையலே ஆபத்தையும் அழைத்து வந்தது. 1863 ஏப்ரலில் வடவர் சேனை தீவைக் கைப்பற்றி உப்பளத்தை அழித்தது. குடும்பத்தார் டெக்ஸாஸ் மாகாணத்துக்கு ஓடினர். அங்கே மாக்கில்ஹென்னியார் தென்னாட்டுச் சேனையின் உணவு, சம்பளம் ஆகிய இலாகாக்களில் கணக்குவேலை பார்த்துக் காலங்கழித்தார்.

1865-இல் யுத்தம் முடிந்தது. தென்னாட்டு நாணயம் வெறுங்காகிதமாயிற்று. அடிமைகள் விடுதலை பெற்றனர். தோட்டங்கள் பாழ்பட்டுக் கிடந்தன. ஐம்பது வயதை எட்டிய மாக்கில்ஹென்னியார் நியூ ஆர்லியன்ஸ் சென்று பழைய நண்பர்களை நாடி வேலை தேடினார், கிடைத்திலது. ஒருகாலத்தில் பிறருக்குக் கடன் கொடுத்தவர், மாமனார் வீட்டில் ஒண்டி வாழ வேண்டிய நிலை எய்தினார். நம் நாட்டில் மாமனார் வீட்டு வாழ்வைப் பற்றி வழங்கும் கேலிகளை அறிந்த அன்பர்கள், மானமுள்ள ஒருவருக்கு அஃது எத்துணை வருத்தமாயிருந்திருக்கும் என்பதை எளிதில் உணர்வர்.

தோட்டம்

வேறு தொழிலின்மையால் அவர் வீட்டுத் தோட்டத்தைப் பேணலானார். அங்கே அவர் பயிரிட்டவற்றுள் டபாஸ்கோ மிளகாயும் ஒன்று. மெக்ஸிகோவிலிருந்து திரும்பிய ஒருவர் அதன் விதையை அவருக்கு அளித்தார் என்பது அக்குடும்பத்தார் வழிவழிக் கூற்று. அவருக்கு முன்னரே, 1850-ஐ ஒட்டி, மான்ஸல் ஒயிட் என்னும் தோட்டக்காரர் அப்பெயருடைய மிளகாயைப் பயிரிட்டுச் சாறும் செய்தார் என்பது பத்திரிகைகளில் பதிவானது. இருவர்க்கும் இருந்த தொடர்பு பற்றிச் சரித்திரக்காரர் கருத்து வேறுபடுவர். யாம் எப்பக்கமும் தீர்ப்புக் கூற முற்படவில்லை. ஒரு பொருளை முதலில் அறிந்தவர் ஒருவராகவும், அதனை முறைப்படுத்தி வணிகமாக்கியவர் மற்றொருவராகவும் இருத்தல் உலக வழக்கே.

அம்மிளகாய் நம் காந்தாரி மிளகாய்போல் சிறியது. கிளையில் தொங்காமல் வானை நோக்கி நிற்பது. வெளிர்மஞ்சளாய்த் தோன்றி, செம்மஞ்சளாகி, முடிவில் செக்கச் சிவக்கும். உள்ளே சாறு நிறைந்திருத்தலின், உலர்த்திப் பொடிப்பதைவிடப் பிழிந்து கொள்ளுதற்கே ஏற்றது. இவ்வியல்பை அறிந்தே மாக்கில்ஹென்னியார் தம் பக்குவத்தை வகுத்தார்.

நன்றாய்ச் சிவந்த பழங்களை மட்டும் பறிப்பார். பறித்த அன்றே தீவின் உப்பைச் சேர்த்து நசுக்கி, சாடிகளில் முப்பது நாள் ஊறவைப்பார். பின்னர்த் திராட்சைக் காடியைக் கலந்து மேலும் முப்பது நாள் வைத்து, அடிக்கடி கிளறிவிடுவார். அதன்பின் தோலும் விதையும் நீங்க வடிகட்டிப் புட்டியில் அடைப்பார். வாசனைத் தைலம் அடைப்பதற்கென்று செய்த ஒடுங்கிய கழுத்துடைய சிறு புட்டிகளையே அவர் தேர்ந்தெடுத்தார். இச்சாறு குழம்புபோல் ஊற்றிக்கொள்ளுவதன்று; சில துளியே தெளிக்கற்பாலது என்பதை வாங்குவோர்க்குப் புட்டியே உணர்த்திற்று. தக்கையின்மேல் பச்சை மெழுகு இட்டு முத்திரையிட்டார். நம் இல்லத்து மாதர் மாவடுவும் எலுமிச்சையும் ஊறுகாயிடும் கைப்பக்குவத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. உப்பும் புளிப்பும் காலமும் சேர்ந்து காரத்தைப் பதப்படுத்தல் இரண்டிற்கும் பொது. பாங்கியில் பழகிய கண்டிப்பை அவர் இதிலும் கைவிடவில்லை. நாளும் அளவும் பிசகாமல் நடந்தன.

1868-இல் விற்பனைக்கென்று முதற்பயிர் வைத்தார். மறு ஆண்டில் 658 புட்டிகளை, ஒன்று ஒரு டாலர் வீதம் மளிகை வியாபாரிகளுக்கு மொத்தவிலைக்கு விற்றார். அந்நாளில் ஒரு டாலர் சிறு தொகையன்று. 1870-இல் தம் செய்முறைக்கு அரசாங்கத்தாரிடம் காப்புரிமை பெற்றார். தீவின் பெயரையே சாற்றுக்கு இட அவர் விரும்பினார் என்றும், குடும்பத்தார் இசையாமையால் மிளகாயின் பெயரை இட்டார் என்றும் கூறுவர். நியூயார்க்கு நகரத்துப் பெரிய மளிகை வணிகர்கள் வாயிலாக அது வடநாட்டிற் பரவி, இங்கிலாந்துக்கும் சென்றது. யுத்தத்தில் தம்மை வென்றவர் ஊரிலேயே தம் சரக்கை விலைப்படுத்தி, மாக்கில்ஹென்னியார் மீண்டும் தலையெடுத்தார்.

அவர் அறியாத புகழ்

1890-ஆம் ஆண்டு நவம்பரில், எழுபத்தைந்தாம் வயதில், ஏவரித் தீவிலே அவர் காலமானார். இங்கே நாம் வியக்கத்தக்கது ஒன்றுண்டு. தம் முதுமையில் தம் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிவைத்த சுருக்கத்தில் மிளகாய்ச் சாற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பாங்கி உத்தியோகத்தையே தம் வாழ்வின் பெருமையாக எண்ணினார் போலும். மேசையும் பேரேடும் மதிப்புடையன. மண்வெட்டியும் மிளகாய்ச் சாடியும் துன்பக்காலத்துப் பிழைப்பு மட்டுமே என்று அவர் கருதியிருத்தல் கூடும். அவர் பணி செய்த பாங்கியின் பெயரை இன்று சரித்திர ஆராய்ச்சியாளரே அறிவர். அவர் எழுதாது விட்ட சாற்றின் பெயரைச் சிறுவரும் அறிவர்.

மைந்தரும் பேரரும்

தந்தை மதியாததை மைந்தர் மதித்தனர். மூத்தவர் ஜான் ஏவரி மாக்கில்ஹென்னி தொழிலை ஏற்று, ஊர் ஊராய்ச் சென்று கடைக்காரரைக் கண்டு, விளம்பரத்தால் விற்பனையைப் பெருக்கினார். சாற்றின் பெயரால் 1894-இல் அரங்கேறிய ஓர் இசைநாடகத்தைக்கூட விளம்பரமாக்கி, காண வந்தோர்க்கு மாதிரிப் புட்டிகள் வழங்கினார். 1898-இல் அவர் ஸ்பானிய யுத்தத்துக்குத் தியோடர் ரூஸ்வெல்ட்டின் குதிரைப் படையில் சேர்ந்து செல்ல, இளையவர் எட்வர்டு பொறுப்பேற்று, 1949-இல் இறக்கும்வரை நடத்தினார்.

எட்வர்டு பறவைகளிடத்தும் பேரன்பு பூண்டவர். சீமாட்டிகளின் தொப்பிகளுக்கு இறகு வேண்டி வெண்கொக்குகளை வேடர் கொன்று குவித்த காலத்தில், எட்டுக் குஞ்சுகளைப் பிடித்துத் தீவில் வளர்த்துப் பறக்கவிட்டார். அவை மறு ஆண்டு திரும்பி வந்து கூடு கட்டின. அச்சிறு தொடக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான கொக்குகள் தங்கும் சரணாலயம் அங்கே உண்டாயிற்று. டபாஸ்கோ என்னும் வணிகக் குறி 1906-இல் பதிவானதும் இவர் காலத்திலேயே.

அடுத்து 1949 முதல் 1985 வரை தலைமை வகித்த வால்டர் என்பார் எட்மண்டின் பேரர். குவாடல்கனால் போரில் வீரப்பதக்கம் பெற்ற சேனாவீரர். 1998-இல் கொள்ளுப்பேரராகிய பால் தலைவரானார். அவர் 2013-இல் மறைந்தார். 2019-இல் எள்ளுப்பேரர் ஒருவர் தலைமை ஏற்றார். 190-க்கும் மேற்பட்ட நாடுகளில் விற்பனையாகும் ஒரு சரக்கு, ஐந்து தலைமுறையாகக் குடும்பத்தின் கையிலேயே இருத்தல் அரிதினும் அரிது.

காலத்துக்கு ஏற்ற மாறுதல்களையும் அவர்கள் செய்தனர். முப்பது நாள் ஊறியது பின்னர் வெள்ளோக்கு மரப் பீப்பாய்களில் மூன்று ஆண்டுவரை ஊறலாயிற்று. 1960-களில் தேவை பெருகிக் கூலியாட்கள் குறையவே, பயிரிடுதல் மத்திய, தென் அமெரிக்க நாடுகளுக்கும், பின் ஆப்பிரிக்காவுக்கும் பரவிற்று. ஆயின் விதையை மட்டும் அவர்கள் பிறர் கையில் விடவில்லை. குடும்பத்தாருள் ஒருவர் தீவின் வயலில் நடந்து சிறந்த செடிகளைத் தெரிந்து கயிறு கட்டி அடையாளமிடுவதும், அவற்றின் விதையைச் சேமித்து, ஒரு பகுதியைப் பாங்கியின் காப்பறையில் வைப்பதும் வழக்கம். பொன்னை வைக்குமிடத்தில் விதையை வைத்தனர். பறிப்போர் கையில் சிவந்த வர்ணம் பூசிய சிறு கோல் ஒன்று கொடுக்கப்பெறும். அக்கோலின் நிறத்தோடு ஒத்த பழத்தையே பறித்தல் வேண்டும். எழுத்தறியாதாரும் பிழையாது செய்தற்குரிய எளிய உபாயம் இது.

நாம் கொள்ளத்தக்கவை

அன்பர்களே! இச்சரித்திரத்தில் நம் குடும்பங்களுக்கு உரியவை சில உள. ஐம்பது வயதில் அனைத்தையும் இழந்த ஒருவர் கையருகில் இருந்த மண்ணையும் உப்பையும் கொண்டு எழுந்தார் என்பது ஒன்று. நட்டமுற்ற கடையைக் கண்டு மனம் உடைந்து அமர்ந்திருப்போர் இதனை எண்ணுக. உடன்பிறந்தார் இருவருள் ஒருவர் விலகியபோது மற்றவர் தாங்கினமையால் தொழில் பிழைத்தது என்பது மற்றொன்று. பாகத்துக்கு வழக்காடி, தந்தை வைத்த கடையை இரண்டாக்கி, இரண்டையும் மூடிய குடும்பங்களை நாம் அறியாதவரல்லோம்.

எல்லாவற்றினும் சிறந்தது வேறொன்று. உத்தியோகமே கௌரவம், உற்பத்தியும் வியாபாரமும் தாழ்வு என்னும் எண்ணம் மாக்கில்ஹென்னியார் உள்ளத்திலும் இருந்தது. நம் இளைஞர் உள்ளத்திலும் இருக்கின்றது. படிப்பையும் பதவியையும் யாம் பழிக்கவில்லை. பாங்கியில் கற்ற கணக்கே அவர் தோட்டத்துக்கும் துணை செய்தது. ஆயின் தாய் தந்தையர் மிளகாய் மண்டியிலும் ஊறுகாய்ச் சாடியிலும் பாடுபட்டுத் தம்மைப் படிக்கவைத்ததைப் பிறரிடம் சொல்ல நாணும் பிள்ளைகள், எட்மண்டின் மைந்தரை நோக்குதல் வேண்டும். தந்தையே குறியாது விட்ட தொழிலை அவர்கள் தங்கள் பெயராக ஏற்றனர்.

இதனோடு, அத்தீவின் பழைய அடிமைகளையும், பின்னாளில் வெயிலில் நின்று ஒவ்வொரு பழமாய்ப் பறித்த கூலியாட்களையும் மறத்தல் தகாது. அவர்கள் பெயர்கள் புட்டியில் இல்லை. நம் கடைகளிலும் களங்களிலும் உழைப்போர் பெயர்களும் பலகையில் இல்லை. அவர்க்கு உரிய கூலியும் மதிப்பும் குறைவின்றி அளிக்கும் குடும்பத்தின் தொழிலே தலைமுறை கடந்து நிற்கும் தகுதி உடையது. நம்மவர் தங்கள் இல்லத்தில் விதையாய்க் காக்கவேண்டுவது எது என்பதை ஆராய்ந்து, அதனைப் போற்றுவாராக.