பகையை வென்ற பெருந்தகை ஆபிரகாம் லிங்கன்

ஆண்டவன் தம் பக்கமே நிற்கின்றான் என்று முழங்கிக்கொண்டு போருக்குப் புறப்பட்ட தலைவர்கள் உலக வரலாற்றில் எண்ணிறந்தவர் உளர். வெற்றி கைக்கு எட்டிய வேளையிலும், ஆண்டவனுடைய தீர்ப்பு பகைவருக்கு மட்டுமன்றித் தமக்கும் உண்டு என்று தலை வணங்கியவரோ மிகச் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்க ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன்.

1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையில் அவர் பிறந்தார். ஒன்பதாம் வயதில் அன்னையை இழந்தார். அவர் பள்ளி சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு நிரம்பாது. கோடரி ஏந்தி மரம் பிளந்தார், படகு செலுத்தினார், கடையில் பணி செய்தார், சிற்றூர்த் தபால் அலுவலையும் பார்த்தார். இரவல் நூல்களைக் கொண்டு தாமே சட்டம் பயின்று 1836ஆம் ஆண்டில் வழக்கறிஞருக்குரிய உரிமம் பெற்றார். விவிலியத்தில் ஆழ்ந்த பயிற்சி உடையவர். ஆயினும் எந்தத் திருச்சபையிலும் உறுப்பினராகச் சேர்ந்தாரில்லை.

1855ஆம் ஆண்டில் அறுவடை இயந்திரம் பற்றிய பெரு வழக்கு ஒன்று சின்சினாட்டி நகரில் நடைபெற்றது. அதில் ஒரே கட்சிக்காக நியமிக்கப் பெற்றிருந்த எட்வின் ஸ்டாண்டன் என்னும் புகழ் வாய்ந்த வழக்கறிஞர் லிங்கனை நாட்டுப்புறத்தான் என இகழ்ந்து ஒதுக்கினார். வழக்கில் வாய் திறக்கவும் லிங்கனுக்கு வாய்ப்பில்லை. ஆறாண்டுகளுக்கு மேல் சென்றன. 1862 ஜனவரியில், ஜனாதிபதியாக விளங்கிய லிங்கன் யுத்த மந்திரி பதவிக்குத் தேர்ந்தெடுத்தது அந்த ஸ்டாண்டனையே! தமக்கு நேர்ந்த அவமதிப்பை மறந்து, அம்மனிதரின் ஆற்றலை மட்டுமே அவர் எண்ணிப் பார்த்தார்.

1860 நவம்பரில் லிங்கன் தேர்தலில் வென்றார். அடிமை முறையை விட மனமில்லாத தென் மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்தன. 1861 ஏப்ரலில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாளில் அந்நாட்டில் அடிமைப்பட்டிருந்தோர் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர். நான்காண்டுப் போரில் மாண்ட வீரர்களோ ஆறு லட்சத்துக்கு மேற்பட்டோர். 1862 பிப்ரவரியில் லிங்கனின் அருமை மைந்தன் வில்லி பதினொரு வயதில் நோயுற்று இறந்தான். நாட்டின் துயரும் வீட்டின் துயரும் ஒருங்கே அவரை வாட்டின.

போரின் நடுவே அவர் தமக்கெனத் தாளில் ஒரு சிந்தனையை எழுதி வைத்திருந்தார். இரு தரத்தாரும் இறைவன் சித்தப்படியே நடப்பதாக உரைக்கின்றனர். இருவர் கூற்றும் உண்மையாதல் இயலாது. இறைவனின் நோக்கமோ இருவர் நோக்கத்தினின்றும் வேறாக இருத்தல் கூடும் என்பது அதன் சாரம். 1862 செப்டம்பரில் ஆன்டிடம் போருக்குப் பின், பகைப் படை மேரிலாந்திலிருந்து விரட்டப்பட்டால் அடிமைகளை விடுவிப்பதாக ஆண்டவனிடம் நேர்ந்துகொண்டதை மந்திரிகளிடம் வெளியிட்டார். 1863 ஜனவரி 1ஆம் நாள், கலகம் செய்த மாநிலங்களின் அடிமைகள் விடுதலை பெற்றவர் என்னும் பிரகடனத்தில் கையொப்பமிட்டார்.

1865 மார்ச் 4ஆம் நாள் இரண்டாம் முறை பதவி ஏற்றார். வெற்றி அண்மையில் நின்றது; மக்கள் வெற்றி முழக்கத்தை எதிர்பார்த்து நின்றனர். அவரோ சில நிமிடங்களே பேசினார். இரு தரத்தாரும் ஒரே இறைவனை வேண்டினர், ஒருவர் வேண்டுதலும் முழுமையாக நிறைவேறவில்லை என்றார். அடிமை முறை என்னும் பாவத்துக்கு வடக்கு, தெற்கு ஆகிய இரு பகுதிக்கும் இறைவன் விதித்த தண்டனையே இப்போர் எனக் கருதலாம் என்றார். எவரிடத்தும் பகை பாராட்டாது நாட்டின் புண்களை ஆற்றுவோம் என்று முடித்தார்.

சொல்லியபடியே செயலும் இருந்தது. ஏப்ரல் 9ஆம் நாள் தென்னாட்டுத் தளபதி லீ, கிராண்டிடம் சரணடைந்தார். தோற்ற வீரர்கள் சிறை செல்லாமல் வீடு திரும்பினர். சொந்தக் குதிரை உடையோர் உழவுக்கென அதனைக் கொண்டு செல்ல அனுமதி பெற்றனர். பசித்திருந்தவர்க்கு வடபடையின் உணவு வழங்கப்பட்டது. மறுநாள் தம் மாளிகை முன் திரண்ட கூட்டத்தினரிடை இருந்த வாத்தியக் குழுவினரைத் தென்னாட்டாரின் விருப்பப் பாட்டையே வாசிக்கும்படி லிங்கன் கேட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 14, பெரிய வெள்ளிக்கிழமை இரவு, நாடக அரங்கில் கொலைஞன் ஒருவன் அவரைச் சுட்டான். மறுநாள் காலை அவர் ஆவி பிரிந்தது. முன்னர் இகழ்ந்த ஸ்டாண்டனே அப்படுக்கையருகில் இருந்து கண்ணீர் வடித்தார். அவர் உடலைத் தாங்கிய இரயில், வாஷிங்டனிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டு வரை ஏறத்தாழ 1,650 மைல் சென்றது. இரவென்றும் மழையென்றும் பாராமல் இருப்புப்பாதையின் இருமருங்கும் மக்கள் நின்றனர். இரயில்வே ஊழியனாகிய அடியேனுக்கு, மன்னர்கள் ஏறிய எந்த வண்டியையும்விட அந்த வண்டியே பெருமையுடையதாகத் தோன்றுகின்றது.

லிங்கன் அநீதிக்குப் பணிந்தவர் அல்லர். இறுதி வரை போரிட்டவர். ஆயினும் நாடுகளை ஆள்பவன் ஒருவன் மேலே உளன் என்று நம்பியதால், பகைவரைத் தண்டிக்கும் பொறுப்பைத் தம் தலைமேல் ஏற்றிக்கொள்ளவில்லை. தாமும் அந்நீதிமன்றத்தில் நிற்பவரே என்று உணர்ந்தவருக்குப் பக்கத்தில் நிற்பவனை வெறுக்க மனம் வருவதில்லை. பல மொழியாரும் பல சமயத்தாரும் அடுத்தடுத்து வாழும் காலனியில் குடியிருக்கும் நமக்கும், நம் மக்களுக்கும், இப்பெருந்தகையின் வாழ்வு கைவிளக்காக அமைவதாக!