லண்டனிலிருந்து திரும்பிய டாக்டர் அன்ஸாரி

ஹட்டன், நுவரெலியா பக்கத்திலிருந்தும் வைத்தியம் படிக்க வெளிநாடு செல்லும் பிள்ளைகள் உள்ளனர். படிப்பு முடிந்ததும் ஊர் திரும்புவதா, அங்கேயே தங்குவதா என்ற கேள்வி வரும். அவர்கள் டாக்டர் முக்தார் அஹமத் அன்ஸாரியின் வாழ்வை அறிந்திருக்க வேண்டும்.

1880இல் வட இந்தியாவின் காஸிப்பூர் மாவட்டத்தில் பிறந்தவர் அவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் கற்று, எடின்பரோவில் மேற்படிப்பை முடித்தார். லண்டன் சேரிங் குரோஸ் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பிரிவில் பணியாற்றினார். வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் ஓர் இந்தியருக்கு இலகுவில் கிட்டாத இடம் அது. அதை விட்டு, 1910இல் நாடு திரும்பி டில்லியில் வைத்தியம் செய்தார்.

1912இல், பால்கன் போரில் காயமுற்ற துருக்கி வீரர்களுக்குச் சிகிச்சையளிக்கச் சென்ற மருத்துவக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 1920இல் ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவை நிறுவியவர்களில் ஒருவரானார். 1927இல், தாம் மாணவராக இருந்த அதே சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவரானார். 1936இல் மறைந்தபோது ஜாமிஆ வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

லண்டனில் தங்கியிருந்தால் அவருக்கு வசதி குறைந்திருக்காது. இழப்பு டில்லியின் நோயாளிகளுக்கே. நமது தோட்டங்களில் அவசரத்துக்கு லொறியில் மலையிறங்கும் நோயாளிகள் இன்னும் இருக்கின்றனர். திரும்பி வரும் பிள்ளையை, அங்கே வேலை கிடைக்காமல் வந்தவன் என்று பேசாமல் வரவேற்போம்.