எல்லையில் நின்ற மனிதர்: பொலிஸ் அதிகாரி பவுல் குறூனிங்கர்



ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எமது மண்ணின் பெரியோர் பலர் என் நினைவுக்கு வந்தனர். ஆயினும் இம்முறை, நாம் வாழும் இந்தச் சுவிற்சர்லாந்து நாட்டிலே பிறந்து, இங்கேயே வாழ்ந்து, இங்கேயே மறைந்த ஒருவரைப் பற்றி எழுத விரும்பினேன். அவர் மன்னரல்லர், புலவருமல்லர். முதலில் ஆசிரியர், அடுத்துப் படை அதிகாரி, அதன் பின்னர் பொலிஸ் அதிகாரி. அவர் பெயர் பவுல் குறூனிங்கர்.

இளமையும் கல்வியும்

பவுல் குறூனிங்கர் 1891 ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 27 ஆம் திகதி சென்காலன் நகரிற் பிறந்தார். அவருடைய பெற்றோர் அந்நகரில் ஒரு சுருட்டுக் கடை வைத்திருந்தனர். போடன் ஏரிக் கரையில் உள்ள றோர்ஷாக் ஆசிரிய கலாசாலையிற் பயின்று அவர் ஆசிரியரானார்.

படிப்போடு விளையாட்டிலும் அவர் சிறந்து விளங்கினார். சென்காலனின் புறூல் கழகத்துக்காக உதைபந்தாட்டம் ஆடினார். அக்கழகம் 1915 ஆம் ஆண்டு சுவிஸ் நாட்டின் சாம்பியன் பட்டத்தை வென்றபோது அவர் அந்த அணியில் இருந்தார். சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் எமது மாணவர்கள் இதனைக் கேட்டு மகிழ்வார்கள்.

படைச் சேவை

1914 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் முதலாம் உலகப் போர் மூண்டது. சுவிஸ் நடுநிலை நாடு. ஆனால் அதன் அயலிலோ ஜேர்மனி, பிரான்ஸ், ஒஸ்திரியா ஆகிய நாடுகள் போரிற் குதித்துவிட்டன. எனவே எல்லைகளைக் காப்பதற்காக ஏறத்தாழ 220,000 ஆண்கள் படைச் சேவைக்கு அழைக்கப்பட்டனர். இந்நாட்டுப் படை பெரும்பாலும் குடிமக்களாலானது. உழவரும் தொழிலாளரும் ஆசிரியரும் தத்தம் வேலையை விட்டுச் சீருடை அணிந்து எல்லைக்குச் சென்றனர். அக்காலத்தில் இழந்த சம்பளத்துக்கு ஈடு எதுவும் கிடைக்கவில்லை. வீடுகளில் வறுமை தலைகாட்டியது.

அப்போரின்போது குறூனிங்கர் சுவிஸ் படையில் லெப்டினன்ட் தர அதிகாரியாகப் பணியாற்றினார். போர் எல்லை தாண்டி இந்நாட்டுக்குள் வரவில்லை. விழித்திருப்பதும், கட்டளைக்குப் பணிவதும், பொறுமையோடு நிற்பதுமே அந்தப் படையினரின் கடமையாக இருந்தது. கட்டளையின் பெறுமதியை நன்கறிந்த ஒருவரே பின்னாளில் ஒரு கட்டளையை மீறினார் என்பதை நாம் மனத்திற் கொள்ள வேண்டும்.

பொலிஸ் பணி

றைன் பள்ளத்தாக்கிலுள்ள அவு என்னும் ஊரில் ஆசிரியராக இருந்த காலத்தில் அவர் அலிஸ் பெடரர் என்னும் பெண்ணைச் சந்தித்தார். பின்னர் அவரை மணந்தார். 1919 ஆம் ஆண்டு சென்காலன் மாநிலப் பொலிஸ் சேவையில் லெப்டினன்டாகச் சேர்ந்தார். 1925 இல் கப்டன் தரத்துக்கு உயர்ந்து மாநிலப் பொலிசின் தலைமை அதிகாரியானார். நேர்மையும் ஒழுங்கும் உள்ளவர் என்று பெயர் பெற்று, அமைதியாக ஓய்வூதியத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வாழ்க்கை அது.

1938 ஆம் ஆண்டு

1938 மார்ச் மாதம் ஹிட்லரின் படைகள் ஒஸ்திரியாவினுட் புகுந்தன. அன்று முதல் அங்கிருந்த யூத மக்களுக்கு உயிரும் உடைமையும் உறுதியற்றனவாயின. வியன்னா வீதிகளில் அவர்கள் அவமானப்படுத்தப்பட்டனர், கடைகள் பறிக்கப்பட்டன, பலர் வதைமுகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். தப்பியோடியவர்களில் ஒரு பகுதியினர் சென்காலன் எல்லைக்கு வந்தனர். டீப்போல்ட்சவ் என்னும் ஊரருகே றைன் நதியின் பழைய படுக்கைதான் எல்லை. நதியைப் புதிய வாய்க்காலிற் திருப்பிவிட்டபடியால் அங்கே நீர் குறைவு. இரவிலே அதனைக் கடந்து, நனைந்த உடையோடு, கையிற் சிறு பெட்டியோடு மக்கள் இக்கரை சேர்ந்தனர்.

ஓகஸ்ட் 17 ஆம் திகதி பேர்ண் நகரில் மாநிலப் பொலிஸ் பொறுப்பாளர்களின் மாநாடு நடைபெற்றது. எல்லையை மூடவேண்டும் என்ற கருத்தே அங்கு மேலோங்கியது. குறூனிங்கரோ, வந்தவர்களைத் திருப்பி அனுப்புவது மனிதத்தன்மைக்கு ஒவ்வாது என்று எடுத்துரைத்தார். அவர் சொல் எடுபடவில்லை. ஓரிரு நாளில் எல்லை மூடப்பட்டது. முன்னரே வந்துவிட்டவர்கள் தங்கலாம். இனி வருவோர் திருப்பி அனுப்பப்படுவர் என்பதே ஆணை. அவ்வாண்டு ஒக்ரோபரில் ஜேர்மனி யூதர்களின் கடவுச்சீட்டுகளில் சிவப்பு நிறத்தில் 'ஜே' என்னும் எழுத்தைப் பொறிக்கத் தொடங்கியது. அது சுவிஸ் அரசோடு செய்த உடன்பாட்டின் விளைவு.

எல்லை மூடப்பட்ட பின்பும் மக்கள் வந்தனர். குறூனிங்கர் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. வந்தவர்களின் படிவங்களில், அவர்கள் எல்லை மூடப்படுவதற்கு முன்னரே வந்ததாகத் திகதி இடப்பட்டது. அவ்வளவுதான். அந்த ஒரு திகதி ஒரு குடும்பத்தை வாழ வைத்தது. தேவைப்பட்டவர்களுக்குத் தமது சொந்தப் பணத்திற் குளிர்கால உடைகளும் வாங்கிக் கொடுத்தார். டீப்போல்ட்சவ் ஊரில் ஏதிலிகளுக்கென ஒரு முகாமும் அமைந்தது. அந்நாளில் சென்காலனில் யூத ஏதிலிகள் உதவிப் பணியை நடத்திய சிட்னி டிறைபுஸ் என்பவர் அவரோடு இணைந்து செயற்பட்டார். 1999 இல் இந்நாட்டின் முதற் பெண் சனாதிபதியான றூத் டிறைபுஸ் அம்மையாரின் தந்தையே அவர். இவ்வாறு பல நூறு உயிர்கள் காப்பாற்றப்பட்டன.

பதவி பறிபோனது

இச்செய்தி நெடுநாள் மறைந்திருக்கவில்லை. விசாரணை தொடங்கியது. 1939 ஏப்ரில் மாதம் குறூனிங்கர் பணியிலிருந்து இடைநிறுத்தப்பட்டார். மே மாதம் முற்றாக நீக்கப்பட்டார். இருபது ஆண்டுச் சேவைக்கு உரிய ஓய்வூதியமும் பறிபோனது. 1940 ஆம் ஆண்டு இறுதியில் சென்காலன் மாவட்ட நீதிமன்றம், கடமை மீறியமைக்காகவும் ஆவணங்களைத் திரித்தமைக்காகவும் அவரைக் குற்றவாளி எனக் கண்டு 300 பிராங் தண்டப்பணமும் வழக்குச் செலவும் விதித்தது. அவர் இதனாற் பொருள் எதுவும் சம்பாதிக்கவில்லை என்பதை நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆனால் ஊர்வாய் அடங்கவில்லை. பணம் வாங்கிக்கொண்டே ஆட்களை உள்ளே விட்டார் என்ற வதந்தி பரவியது. அது ஆண்டுக்கணக்கில் அவரைத் தொடர்ந்தது.

பணியிலிருந்து நீக்கப்பட்டபோது அவருக்கு வயது 47. அதன் பின் இறக்கும்வரை நிலையான தொழில் எதுவும் அவருக்கு அமையவில்லை. மழை அங்கி விற்றார், கம்பளம் விற்றார், கால்நடைத் தீவனம் விற்றார், வாகனம் ஓட்டப் பழக்கினார். பிற்காலத்தில், யாராவது ஆசிரியர் விடுப்பிற் போனால் அவருக்குப் பதிலாகப் பாடசாலையிற் கற்பித்தார். லோசான் நகரில் வணிகக் கல்வி கற்றுக்கொண்டிருந்த அவருடைய மகள் படிப்பை இடையில் நிறுத்திக்கொண்டு குடும்பத்துக்காக வேலைக்குப் போனார். மாநிலம் முழுவதும் சல்யூட் பெற்ற ஒருவர் வீடு வீடாகப் பொருள் விற்ற காட்சியை எண்ணும்போது எனக்கு நெஞ்சு கனக்கிறது. பதவியும் படிப்பும் உள்ளவராய் இருந்து, இங்கு வந்து உணவகச் சமையலறையிலே பாத்திரம் கழுவிய பெற்றோர்களுக்கு இதனை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் நாம் அவலப்பட்டு வந்தவர்கள். அவரோ அவலப்பட்டவர்களுக்காகத் தாமே இறங்கியவர். தாம் செய்ததற்கு அவர் வருந்தியதில்லை.

காலம் கடந்த நீதி

1970 ஆம் ஆண்டு டிசம்பரில் மாநில அரசு அவருடைய மனிதாபிமானத்தைப் பாராட்டி ஒரு கடிதம் அனுப்பியது. தீர்ப்பு மட்டும் மாறவில்லை. 1971 இல் இஸ்ரேலின் யாட் வஷெம் நிறுவனம், யூத மக்களைக் காத்த பிற இனத்தவர்க்கு வழங்கும் சிறப்பை அவருக்கு அளித்தது. அடுத்த ஆண்டு, 1972 பெப்ரவரி 22 ஆம் திகதி, 80 ஆவது வயதில் அவர் காலமானார். அவு ஊரில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த பின்பும் சிலர் ஓயவில்லை. ஸ்டெபான் கெல்லர் என்னும் பத்திரிகையாளர் ஆவணங்களை ஆராய்ந்து 1993 இல் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு மாநில அரசு குறூனிங்கரின் நற்பெயரை மீட்டளித்தது. 1995 ஆம் ஆண்டு சென்காலன் மாவட்ட நீதிமன்றம் வழக்கை மீண்டும் எடுத்து அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. இறந்து 23 ஆண்டுகளின் பின் கிடைத்த விடுதலை அது. 1998 இல் இழப்பீடாக வழங்கப்பட்ட 13 இலட்சம் பிராங்கைக் குடும்பத்தினர் தம் தேவைக்கு எடுத்துக்கொள்ளாது, அவர் பெயரிலான அறக்கட்டளைக்கே அளித்தனர். 2004 முதல், அக்காலத்தில் ஏதிலிகளுக்கு உதவித் தண்டனை பெற்ற ஏனையோரின் தீர்ப்புகளையும் நீக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்று சென்காலனில் ஒரு சதுக்கமும், புறூல் கழகத்தின் மைதானமும், டீப்போல்ட்சவ் அருகே பழைய றைன் மேலுள்ள பாலமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

நாம் கற்பது

பிள்ளைகளே, நான் ஊரில் ஆசிரியனாக இருந்து, பின் ஏதிலியாக இந்நாட்டுக்கு வந்தவன். வகுப்பிலே விதிகளை மதியுங்கள் என்று உங்களுக்கு நாளும் சொல்பவன். ஆகவே, பொய்த் திகதி எழுதிய ஒருவரை ஏன் போற்றுகிறீர் என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. என் மறுமொழி இதுதான். தன் நன்மைக்காக விதியை மீறுபவன் குற்றவாளி. பிறர் உயிருக்காக மீறி, அதனால் வரும் இழப்பு முழுவதையும் தானே சுமப்பவன் வேறு. அவ்வேறுபாட்டை அறிய வேண்டுமானால், மீறியவருக்கு மிஞ்சியது என்ன என்று பாருங்கள். குறூனிங்கருக்கு மிஞ்சியது வறுமை ஒன்றே.

நானும் ஒரு நாள் வரவேற்பு நிலைய மேசை ஒன்றின் முன், மொழி தெரியாமல் நின்றவன். எதிரே இருந்த அதிகாரி பேனாவைக் கையில் எடுத்தபோது என் கண் அவருடைய முகத்தில் இல்லை. அந்தப் பேனாவின் நுனியிலேயே இருந்தது. ஏதிலியின் வாழ்வில் ஒரு திகதி, ஒரு கையொப்பம் எவ்வளவு பெரியது என்பதை உங்கள் பெற்றோரைக் கேளுங்கள், சொல்வார்கள்.

திருவள்ளுவர் கண்ணோட்டம் என்னும் 58 ஆம் அதிகாரத்தைத் துறவிகளுக்குரிய இடத்தில் வைக்கவில்லை. பொருட்பாலில், ஆள்வோர்க்குரிய அரசியற் பகுதியில் வைத்தார். அதிகாரம் உள்ளவனுக்கே இரக்கம் முதலில் வேண்டும் என்பது அதனாற் புலனாகும். நாளை உங்களிற் சிலர் இந்நாட்டிலே பொலிஸ் அதிகாரிகளாகவும், படையினராகவும், அலுவலக மேசைக்குப் பின்னால் இருப்பவர்களாகவும் வரப்போகிறீர்கள். அன்று உங்கள் முன் ஒருவர் மொழி தெரியாமல் நிற்பார். அவர் எந்த நாட்டவராயினும், முதலில் அவரை இருக்கச் சொல்லுங்கள். பிறகு பேனாவை எடுங்கள்.