கம்மந்தான் கான்சாகிபு: உழைப்பால் உயர்ந்து ஒப்பந்தத்தால் வீழ்ந்த வீரர்

ஜொகூர் பாருவிலும் மூவாரிலும் பத்து பகாட்டிலும் குளுவாங்கிலும் கடை வைத்து வாழ்கின்ற நம் சகோதரர்களில் பலருடைய பூர்வீகம் இராமநாதபுரம் சீமை. வேறு பலருக்குத் தென்காசி, கடையநல்லூர்ப் பக்கம். இவ்விரு பகுதிகளிலும் இருநூற்றறுபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பெயர் சொன்னால் போதும், வழிப்பறிக்காரன் ஓடி ஒளிவான். பாளையக்காரர் கோட்டைக் கதவை அடைப்பர். அப்பெயர் கம்மந்தான் கான்சாகிபு என்பதாகும். அவருடைய முழுப்பெயர் முகம்மது யூசுபு கான். மருதநாயகம் என்ற பெயராலும் அவரை நாட்டார் அறிவர்.

அவரைப் பெரும் போர்வீரர் என்று மட்டுமே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் கணக்குத் தெரிந்த நிர்வாகி என்பதையும், மனைவி மக்களோடு வாழ்ந்த குடும்பத் தலைவர் என்பதையும், ஒரு குத்தகைப் பேச்சு முறிந்ததால் அழிந்தவர் என்பதையும் அறிந்தவர் சிலரே. வணிகர்களாகிய நாம் சிந்திக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

இராமநாதபுரம் சீமையிலுள்ள பனையூரில், 1725ஆம் ஆண்டையொட்டி, ஓர் எளிய இந்துக் குடும்பத்தில் அவர் பிறந்தார் என்று வழங்கிவருகிறது. இளமையிலேயே வீட்டை விட்டு வெளியேறி, பிழைப்புத் தேடிப் பல ஊர் அலைந்தார். இஸ்லாத்தைத் தழுவி யூசுபு கான் ஆனார். பரம்பரைச் சொத்தோ, பெரிய இடத்துச் சிபாரிசோ அவருக்கு இல்லை. சிறிய வேலைகளில் தொடங்கி, சிப்பாயாகிப் படிப்படியாகச் சுபேதார் பதவியை அடைந்தார். ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியின் தளபதிகளான கிளைவும் லாரன்சும் நடத்திய போர்களில் அவர் கலந்துகொண்டார்.

அவருடைய திறமை வெளிப்பட்டது திருச்சிராப்பள்ளி முற்றுகையின்போதுதான். 1752 முதல் 1754 வரை அந்நகரைச் சுற்றிலும் பிரெஞ்சுக்காரரும் மைசூர்ப் படையும் சூழ்ந்திருந்தனர். கோட்டைக்குள் இருந்தோருக்கு அரிசி வேண்டும், மாடு வேண்டும், வெடிமருந்து வேண்டும். புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலிருந்து அவற்றைக் கொண்டுவர வேண்டும். எந்தப் பாதையில் எதிரி காவல் இருக்கிறான், எந்த இரவில் வண்டிகளை விடலாம் என்பதை அறிந்து, சரக்கைச் சேதமின்றிக் கொண்டு சேர்ப்பதில் யூசுபு கானுக்கு நிகர் யாருமில்லை. வாள் வீசுவோர் பலர் இருந்தனர். சரக்கு வந்து சேரும் என்று நம்பத்தக்கவர் அவர் ஒருவரே. இதைக் கண்ட லாரன்சு அவரைப் பெரிதும் மெச்சி மேலிடத்துக்கு எழுதினார். 1754இல் கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் அவர் தலைவராக்கப்பட்டார். கமாண்டன்ட் என்ற அப்பதவிப் பெயர்தான் நம் மக்கள் வாயில் கம்மந்தான் ஆயிற்று. சென்னை ஆட்சிக் குழுவினர் அவருக்குத் தங்கப் பதக்கமும் அளித்தனர்.

உயர்ந்தவனைக் கண்டு பொறாமைப்படுவது உலக வழக்கம். அதே ஆண்டில் ஆங்கிலத் தளபதியிடம் மொழிபெயர்ப்பாளனாக இருந்த ஒருவன், யூசுபு கான் மைசூராரோடு இரகசியத் தொடர்பு கொண்டிருப்பதாகக் காட்டப் பொய்க்கடிதம் ஒன்றைப் புனைந்தான். விசாரணை நடந்தது. சூழ்ச்சி வெளிப்பட்டது. யூசுபு கான் குற்றமற்றவர் என்று தெளிந்தது. சூழ்ச்சிக்காரன் பீரங்கி வாயில் வைத்துச் சுடப்பட்டான். அன்று அவரைக் காத்தது அவருடைய கடந்த கால உழைப்பு. ஆனால் எத்தனை உழைத்தாலும் ஒரு துண்டுக் காகிதம் தம்மைக் கவிழ்த்துவிடக் கூடும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது.

1756இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அவர் அனுப்பப்பட்டார். அக்காலத்தில் அந்நாடுகள் பெயரளவில் ஆர்க்காட்டு நவாபு முகம்மது அலிக்கு உரியவை. நவாபோ போர்ச் செலவுக்காகக் கும்பினியிடம் கடன்பட்டிருந்தார். வரி கொடுக்க மறுத்த பாளையக்காரர்களுக்கு நெற்கட்டும்செவல் பூலித்தேவர் முன்னின்றார். இதற்கிடையில் 1758ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கும்பினியார் யூசுபு கானை வடக்கே அழைத்தனர். அவர் செங்கற்பட்டு, பரங்கிமலைப் பகுதிகளில் நின்று முற்றுகையாளருக்கு உணவும் தளவாடமும் போகவொட்டாமல் தொல்லை கொடுத்தார். 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார்.

அதற்குப் பின் அதே ஆண்டில் மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு ஐந்து இலட்சம் ரூபாய்க் குத்தகைக்கு அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. குத்தகை என்றால் என்னவென்று நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. பேசிய தொகையைக் கட்டிவிட வேண்டும். விளைந்தாலும் விளையாவிட்டாலும் அது குத்தகைக்காரன் பாடு. போதாக்குறைக்குத் தம் கீழிருந்த சிப்பாய்களின் சம்பளமும் அந்த வருமானத்திலிருந்தே போக வேண்டும்.

அவர் கொள்ளையடித்துத் தொகையைக் கட்டிவிட்டுப் போயிருக்கலாம்; அக்காலத்துக் குத்தகைக்காரர் பலர் அப்படித்தான் செய்தனர். கான்சாகிபு அப்படிச் செய்யவில்லை. குளங்களையும் கால்வாய்களையும் செப்பனிட்டார். கோட்டைகளைப் பழுதுபார்த்தார். வழிப்பறியை அடக்கியதால் பொதிமாடுகள் அச்சமின்றி நடமாடின. மதுரைக் கோவிலுக்கு நின்றுபோயிருந்த மானியங்களை மீண்டும் வழங்கச் செய்தார். மதம் மாறிய ஒருவர் மாற்று மதத்தாரின் உரிமையைக் காத்தது நாம் பெருமையோடு நினைக்கத்தக்க செய்தியாகும். 1761 மே மாதத்தில் நெற்கட்டும்செவல் கோட்டையும் வீழ்ந்தது.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் கை கடுமையான கை. அவருடைய வாளுக்கு இரையானவர்கள் நம் நாட்டு மக்களே. பூலித்தேவரைப் போற்றுகின்ற ஊர்களில் கான்சாகிபின் பெயர் வேறு விதமாகவே நினைக்கப்படுகிறது. அந்நியக் கும்பினிக்காகத் தம் மண்ணின் மக்களை அடக்கினார் என்ற பழி அவர்மேல் உண்டு, அது பொய்யன்று. அதே கும்பினியே பின்னர் அவருக்குத் தூக்குக் கயிறு எடுத்தது என்பதும் பொய்யன்று.

இந்த ஆண்டுகளில்தான் அவருக்குக் குடும்ப வாழ்வும் அமைந்தது. போர்த்துக்கீசிய வழிவந்த மாசா என்ற பெண்ணை அவர் மணந்திருந்தார். அவர்களுக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. வாலிப வயது முழுவதும் கூடாரத்தில் உறங்கிய மனிதருக்கு மதுரையில் ஒரு வீடு, அதில் ஒரு மழலைக் குரல். சம்பாதிக்கப் புறப்பட்டுக் கடல் கடந்து வந்து, காலம் தாழ்ந்து குடும்பம் கண்ட நம் முன்னோர்க்கு இந்த நிலை நன்கு விளங்கும்.

நாடு செழித்ததே அவருக்கு ஆபத்தாயிற்று. ஒன்றுமில்லாதிருந்த நாட்டிலிருந்து இவ்வளவு வருமானம் வருகிறது, அதனால் பெரும்படை வளர்கிறது என்று கண்ட நவாபுக்கு அச்சமும் ஆசையும் ஒருங்கே எழுந்தன. 1761இலும் அடுத்த ஆண்டிலும் யூசுபு கான், இன்னும் நான்காண்டுக்குக் குத்தகையை நீட்டித்தால் ஆண்டுக்கு ஏழு இலட்சம் தருவதாகக் கேட்டார். ஐந்து ஏழானது, ஆயினும் மறுக்கப்பட்டது. நவாபுக்கு வேண்டியது கூடுதல் பணமன்று, அந்த மனிதர் தமக்கு அடங்கி நிற்க வேண்டும் என்பதே. தம்மை நியமித்தது கும்பினி, தாம் கும்பினியின் ஆள் என்று யூசுபு கான் எண்ணியிருந்தார். கும்பினியாரோ நாடு நவாபுடையது என்று கையை விரித்தனர்.

முதலாளி யார் என்பது தெளிவாக எழுதப்படாத தொழிலில் உழைத்தவரின் கதி இதுதான். கடையைக் கட்டியெழுப்பியவர் ஒருவர். உரிமம் இருப்பது வேறொருவர் பெயரில். வாடகைச் சீட்டு மூன்றாமவர் கையில். நல்ல காலத்தில் எவரும் கேட்பதில்லை. இலாபம் பெருகிய அன்றுதான் கேள்வி பிறக்கிறது.

அவர் பணிந்து போயிருக்கலாம். பணியவில்லை. படை திரட்டினார், பிரெஞ்சுக்காரரான மர்சான் என்பவரையும் அவருடைய வீரர்களையும் சேர்த்துக்கொண்டார். 1763இல் கும்பினிப் படையும் நவாபு படையும் மதுரையை முற்றுகையிட்டு, மழைக்காலம் வரவே பின்வாங்கின. 1764இல் மேஜர் காம்பெல் தலைமையில் மீண்டும் முற்றுகை. ஜூன் மாதத்தில் கோட்டைமேல் நடந்த பெருந்தாக்குதல் படுதோல்வியுற்றது. வாளால் முடியாததை இனிப் பசியால் முடிப்போம் என்று தீர்மானித்த ஆங்கிலேயர் எல்லா வழிகளையும் அடைத்தனர். ஒரு காலத்தில் முற்றுகைக்குள் அரிசி கொண்டு சேர்த்துப் புகழ் பெற்றவர், தம் கோட்டைக்குள் ஒரு படி அரிசிக்கு வழியின்றி நின்றார். உள்ளே இருந்தவர்கள் குதிரையைக்கூட அடித்துத் தின்னும் நிலை வந்தது.

பசித்த கோட்டைக்குள் துரோகம் நுழைவதற்குக் கதவு வேண்டியதில்லை. அவருடைய திவான் சீனிவாசராவ், மருத்துவர் பாபா சாகிபு, மர்சான் ஆகியோர் உயிர் பிழைக்க வழி தேடிக் கூடிக்கொண்டனர். 1764 அக்டோபர் 13ஆம் நாள் அவர் தொழுதுகொண்டிருந்த வேளையில் அவர்மேல் பாய்ந்து பிடித்துக் கட்டிவிட்டனர். செய்தி கேட்ட மாசா, வீட்டுக் காவலரைத் திரட்டிக்கொண்டு ஓடிவந்ததாகவும், ஆயுதம் தாங்கியவர்கள் அவர்களை அடக்கிவிட்டதாகவும் சொல்வர். இரவோடிரவாக அவர் பகைவரிடம் ஒப்படைக்கப்பட்டார்.

அக்டோபர் 15ஆம் நாள் மதுரைக்கு வெளியே, படை முகாமின் முன்னிலையில், நவாபின் கட்டளைப்படி அவர் தூக்கிலிடப்பட்டார். கும்பினிக்காகப் பல ஆண்டுகள் போரிட்ட மனிதருக்கு முறையான விசாரணைகூட நடக்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பதை ஒட்டியிருக்கும். மனைவியும் பச்சிளம் பிள்ளையும் ஆதரவற்றவராயினர். இறந்தபின்னும் அஞ்சினவர்களாய், அவர் உடலைத் துண்டித்து வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பினர் என்பது வழிவழிச் செய்தி. எஞ்சிய உடல் மதுரையை அடுத்த சம்மட்டிபுரத்தில் அடக்கப்பட்டது. அங்கே 1808இல் ஒரு பள்ளிவாசல் எழுந்தது.

அவரை வீழ்த்திய நவாபு வென்றாரா என்று பார்ப்போம். கும்பினிக்கும் அதன் அதிகாரிகளுக்கும் அவர் பட்ட கடன் ஆண்டுக்காண்டு பெருகிற்று. ஏழு இலட்சம் தருகிறேன் என்ற கையை வெட்டியவர், வட்டி கட்டியே காலம் கழித்தார். 1801இல் அவருடைய சந்ததியாரிடமிருந்து கர்நாடக நாட்டு ஆட்சி முழுவதையும் கும்பினியார் எழுதி வாங்கிக்கொண்டனர். இருவர் சண்டையில் நாடு மூன்றாமவனுக்குப் போயிற்று.

தோற்றவரை மக்கள் மறக்கவில்லை. அவர் மேல் கதைப்பாடல் எழுந்தது. மதுரையில் ஒரு தெருவும் தென்பாண்டி நாட்டில் கான்சாபுரம் என்ற ஊரும் அவர் பெயரைச் சுமக்கின்றன. 1914இல் ஹில் என்ற ஆங்கிலேயர் பழைய கும்பினி ஏடுகளைத் துருவி அவர் வரலாற்றைத் தனி நூலாக எழுதினார்.

சகோதரர்களே! கான்சாகிபின் வீரம் எல்லார்க்கும் வாய்ப்பதன்று. அவருடைய உழைப்பு எவர்க்கும் கைகூடும். சரக்கை நேரத்தில் சேர்ப்பது, வழியைக் காப்பது, குளத்தைச் செப்பனிட்டு விட்டு வரியைக் கேட்பது ஆகியவையே அவரை உயர்த்தின. எழுத்தில் உறுதியாகாத உரிமையும், பணிய வேண்டிய இடம் எது, பிரிய வேண்டிய நேரம் எது என்று பாராத பிடிவாதமும் அவரை வீழ்த்தின. அந்த விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. மதுரை வீட்டிலிருந்த ஒரு பெண்ணும் ஒரு பிள்ளையும் சேர்ந்து கொடுத்தனர்.

நம்மில் எவரேனும் ஊர் போகும்போது மதுரையில் இறங்கினால், சம்மட்டிபுரம் சென்று அந்த அடக்கத்தலத்தருகே சற்று நின்று வாருங்கள். திரும்பி வந்து, கடைப் பத்திரங்களையும் கூட்டாளி ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பிள்ளைகளின் பெயரில் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள்.