கடலுக்கு எல்லை வகுத்த சேர்லி அமரசிங்க (1913 - 1980)

மாணவர்களே, கண்டாவளைக்குக் கிழக்கே சுண்டிக்குளக் கரையில் நின்று பார்த்தால் கடலில் எந்தக் கோடும் தெரியாது. ஆயினும் கரையிலிருந்து 12 கடல் மைல் வரை இலங்கையின் ஆட்புலக் கடல் ஆகும். 200 கடல் மைல் வரையுள்ள மீன்வளமும் கடலடி வளமும் இலங்கைக்கே உரியன. இவ்வளவுகளை வகுத்த உலக மாநாட்டுக்கு நீண்டகாலம் தலைமை தாங்கியவர் ஓர் இலங்கையர் என்பதை அறிவீர்களா?

ஹமில்டன் சேர்லி அமரசிங்க 1913இல் பிறந்தார். கொழும்பு றோயல் கல்லூரியில் கற்று, 1937இல் சிவில் சேவையிற் சேர்ந்தார். இந்தியாவில் உயர்ஸ்தானிகராக இருந்தபின், 1967இல் ஐக்கிய நாடுகள் சபையில் இலங்கையின் நிரந்தரப் பிரதிநிதியானார். அவ்வாண்டில்தான் ஆழ்கடலடி எந்த நாட்டுக்கு உரியது என்ற வினாவை மோல்டா நாடு அச்சபையில் எழுப்பியது. இதை ஆராய்ந்த குழுவுக்கு அமரசிங்க தலைவரானார். 1973இல் தொடங்கிய மூன்றாவது கடற்சட்ட மாநாடும் அவரையே தலைவராகத் தெரிந்தது. 1976இல் அவர் பொதுச்சபையின் தலைவராகவும் விளங்கினார்.

மாநாட்டுப் பணி இலகுவானதன்று. தூரக் கடலில் மீன்பிடிக்கும் பணக்கார நாடுகள் ஒரு பக்கம். தம் கரையோர வளத்தைக் காக்க முனைந்த நாடுகள் மறுபக்கம். கடலே இல்லாத நாடுகளும் பங்கு கேட்டன. வாக்கெடுப்பில் வென்றால் தோற்றவர் சட்டத்தை மதிக்கமாட்டார் என்பதால், இயன்றவரை எல்லோரும் இணங்கும்வரை பேசுவதே முறையாயிற்று. இதற்குப் பொறுமை வேண்டும். அமரசிங்கவிடம் அது இருந்தது.

எதிர்எதிர்க் கரைகள் நெருங்கியிருந்தால் என்ன செய்வது? தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 24 கடல் மைல்கூட இல்லை. இத்தகைய இடங்களில் இரு கரைகளுக்கும் சமதூரமான இடைக்கோடு பெரிதும் பயன்படும். இந்தியாவும் இலங்கையும் மாநாடு முடியும்வரை காத்திருக்கவில்லை. பாக்கு நீரிணைக்கு 1974 யூனிலும், மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் 1976 மார்ச்சிலும் உடன்படிக்கை செய்தன. (இவ்விரு ஆண்டுகளையும் மாறி எழுதாதீர்கள்.)

1978இல் அமரசிங்க இலங்கைத் தூதுக்குழுவில் இடம்பெறவில்லை. சொந்த நாட்டின் பிரதிநிதியாக இல்லாதவர் தலைவராக நீடிக்கலாமா எனச் சில நாடுகள் தடை எழுப்பின. மாநாடோ அவரையே தலைவராக வைத்துக்கொண்டது. அவர்மீது உலகம் வைத்த நம்பிக்கைக்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

1980 டிசம்பர் 4இல் அவர் காலமானார். சிங்கப்பூரின் டொமி கோ பணியைத் தொடர்ந்தார். 1982 டிசம்பர் 10இல் ஜமெய்க்காவின் மொன்டிகோ பேயில் 119 நாடுகள் கடற்சட்டச் சமவாயத்தில் ஒப்பமிட்டன. அது 1994இல் நடைமுறைக்கு வந்தது. கடற்சட்டம் பயில்வோருக்காக ஐக்கிய நாடுகள் சபை வழங்கும் புலமைப்பரிசில் ஒன்று அமரசிங்கவின் பெயரைத் தாங்கியுள்ளது.