உராபி பாஷா: சரந்தீபில் 18 ஆண்டுகள்

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று நமது பள்ளத்தாக்கில் எந்த முஸ்லிம் தெருவுக்குப் போனாலும், வளைகுடாவில் ஒரு பிள்ளை இருக்கும் வீட்டைப் பார்க்கலாம். கொஞ்ச வருடத்தில் வந்துவிடுகிறேன் என்று போனவர், பத்து வருடம் கழித்தும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார். ஊர் திரும்புவதா, அங்கேயே இருந்துவிடுவதா என்ற பேச்சு ஒவ்வொரு பெருநாளுக்கும் எழும், முடிவாகாது. அப்போதெல்லாம் நமக்கு அஹ்மத் உராபி பாஷாவின் நினைவு வரும். அவர் பிழைப்புக்குப் போனவர் அல்ல, நாடுகடத்தப்பட்டவர். ஆனால் அந்நிய மண்ணில் காத்திருப்பது என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும்.

மிஸ்ரு நாட்டின் ஒரு கிராமத் தலைவரின் மகனாக 1841-ல் பிறந்தவர். அல்-அஸ்ஹரில் ஓதி, படையில் சேர்ந்து, இளம் வயதிலேயே உயர் பதவிக்கு வந்தார். மண்ணின் மக்களுக்குப் படையிலும் ஆட்சியிலும் உரிமை கேட்டு 1881-ல் கிளர்ந்தெழுந்தார். மறு ஆண்டு பிரிட்டன் படையெடுத்தது. தல்லுல் கபீர் போரில் தோற்றுப் பிடிபட்டார். மரண தண்டனை விதித்து, பிறகு அதை நாடுகடத்தலாக மாற்றினார்கள். 1883 ஜனவரியில் அவரும் ஆறு தோழர்களும் குடும்பத்தாருடன் கொழும்பில் இறங்கினர்.

இலங்கை முஸ்லிம்கள் அவரை விருந்தாளியாகவே வரவேற்றார்கள். ஆனால் கொழும்பின் ஈரக்காற்று பாலைநிலத்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு நாட்டுக்கு மாற்றும்படி மனுக் கொடுத்தும் பலனில்லை. 1892-ல் மலைநகரமான கண்டிக்குக் குடிபோனார். (பெரியாற்றுத் தண்ணீரை நமது பக்கம் திருப்ப மலையில் அணை எழுந்துகொண்டிருந்த காலமும் அதுதான்.) எழுவரில் மூவர் அந்த மண்ணிலேயே அடக்கமானார்கள். சரந்தீபிலிருந்து தாயகத்தை நினைத்து உருகிப் பாடிய கவிஞர் மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி, பார்வையை இழந்த பிறகே 1899-ல் ஊர் திரும்பினார்.

உராபியும் ஊருக்குப் போக மனுமேல் மனு எழுதிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. நமக்குப் பிடித்த இடம் இதுதான். அன்று ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷன் பள்ளிகளின் கையில் இருந்தது. பிள்ளைகளின் ஈமானுக்கு அஞ்சிய முஸ்லிம்கள் அவற்றிலிருந்து ஒதுங்கி, படிப்பில் பின்தங்கினார்கள். கண்டி வழக்கறிஞரும் முஸ்லிம் நேசன் பத்திரிகையின் ஆசிரியருமான சித்திலெப்பை, மார்க்கமும் ஆங்கிலமும் சேர்ந்த பள்ளிக்காகப் போராடிக்கொண்டிருந்தார். கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய வாப்பிச்சி மரிக்கார் அவருக்குத் துணை நின்றார். உராபி தமது செல்வாக்கை அதற்குத் தந்தார். 1892-ல் மருதானையில் மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கியது. தம் நாட்டுப் பிள்ளைகளுக்கு அல்ல, தாம் விட்டுப் போக ஏங்கிய நாட்டின் பிள்ளைகளுக்காக அவர் செய்தது அது. இலங்கை முஸ்லிம்களிடம் துருக்கித் தொப்பி பரவியதற்கும் அவரையே காரணமாகச் சொல்வார்கள்.

1901-ல் பிரிட்டிஷ் இளவரசர் இலங்கை வந்தபோது அவரைச் சந்தித்து உராபி முறையிட்டார். அதன்பின் மன்னிப்புக் கிடைத்தது. அறுபதாவது வயதில் ஊர் திரும்பினார். 18 ஆண்டுகளாக மனத்தில் வைத்திருந்த ஊர் அங்கே இல்லை. பறித்த சொத்துகளைத் திருப்பித் தரவில்லை. புதிய தலைமுறைத் தேசியவாதிகளோ, பிரிட்டிஷ் ஆட்சியைப் பற்றி அவர் நல்ல வார்த்தை சொன்னார் என்று முகம் திருப்பிக்கொண்டார்கள். நம் பார்வையில் அந்தக் கோபத்தில் கொஞ்சம் நியாயம் உண்டு; ஆனால் முதுமையில் திரும்பி வந்தவரிடம் அவர்கள் காட்டிய கடுமை அதிகம்தான்.

1911 செப்டம்பரில் உராபி வஃபாத்தானார். 1952 புரட்சிக்குப் பிறகே மிஸ்ரு அவரைத் தேசிய வீரராக மீண்டும் கொண்டாடியது. கண்டியில் அவர் வசித்த வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. மருதானையில் ஸாஹிராக் கல்லூரி இன்றும் நடக்கிறது.