ராஜாஜியின் வேதாரணிய யாத்திரை

1972-ல் மறைந்த ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியாரைக் கொங்கு நாட்டார் திருச்செங்கோட்டு ஆசிரமத்தைக்கொண்டு அறிவர். சேலத்தில் செழித்த வக்கீல் தொழிலைத் துறந்து, 1925 முதல் அங்கே கதர்ப்பணி புரிந்தவர் அவர். 1930 ஏப்ரல் 13-ந் தேதி, ஐம்பத்தொரு வயதில், ஆஸ்த்மா வருத்திய மெலிந்த தேகத்தோடு, ஏறக்குறைய நூறு தொண்டர் சூழத் திருச்சியினின்றும் வேதாரணியத்துக்கு உப்பெடுக்கக் கால்நடையாய்ப் புறப்பட்டார். வழி சுமார் 150 மைல். இவர்களுக்கு உணவோ இடமோ அளிப்போர் தண்டிக்கப்படுவரெனத் தஞ்சை ஜில்லா கலெக்டர் தார்ன் எச்சரித்தார். கிராமத்தார் அஞ்சினரல்லர்; சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். மரத்தின்மேல் வழக்குத் தொடரச் சட்டத்தில் இடமில்லை போலும்! தலைவரின் நடையினும் பெயரறியாத அக்கைகளின் துணிவையே நாம் பெரிதாய் மதிக்கிறோம். 28-ந் தேதி கடற்கரை சேர்ந்து, 30-ந் தேதி உப்பெடுத்த ஆச்சாரியாருக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது. யாத்திரிகர்களை வேதாரணியத்தில் ஏற்று உபசரித்த வேதரத்தினம் பிள்ளையும் சிறை புகுந்தார். அவர் சொத்தும் பறிமுதலாயிற்று.